படகில் ஏறாத பூட்ஸ்

என் வீட்டுக்காரருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தேடி நான் அலைந்த அலைச்சலில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளையே பார்த்து முடித்திருக்கலாம். மாப்பிள்ளை சரியில்லை என்றால் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வழி உண்டு. பூட்ஸ் சரியில்லை என்றால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதுவரை போகும் என்று கேட்டேன். அவர் குனிந்து, என் வீட்டுக்காரரின் முழங்காலுக்குக் கீழே கை விளிம்பால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். ஜாக்கெட் தைக்க அளவெடுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் காட்டினார்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. சுண்ணாம்புக்குளம் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, மிச்சத்தை நடக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் வலைக்காரர்கள். என் மாமனார் வீட்டில் வலையும் உண்டு, ஆனால் முக்கியமான தொழில் நண்டு வேட்டை. நண்டு பிடிப்பது என்று சொன்னால் மாமனாருக்குக் கோபம் வரும், வேட்டை என்றுதான் சொல்ல வேண்டும். கோல் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு ஏரியின் வடக்கே சேற்றுப் பக்கம் போவார்கள். தண்ணீர் வடிந்த நேரத்தில் இறங்கி, சேற்றில் வளை தேடி, முனை வளைந்த கம்பியை உள்ளே விட்டு நண்டை வெளியே இழுப்பார்கள். பெரிய சேற்று நண்டு. ஏமாந்தால் கொடுக்கு விரலை நறுக்கிவிடும்.

இதில் ஒரு முறை உண்டு. படகிலிருந்து எல்லோரும் ஒன்றாகக் குதித்துவிட மாட்டார்கள். ஒருவர் முன்னால் இறங்குவார். அவர் பாதத்தால் தடவித் தடவிப் போவார். ஆளிச் சிப்பியின் ஓடு எங்கே கத்தி மாதிரி குத்திட்டு நிற்கிறது, சேறு எங்கே ஆளை இடுப்புவரை இழுக்கும், முள்வால் திருக்கை மீன் எங்கே புதைந்து படுத்திருக்கிறது, வளையின் வாய் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் அவருடைய பாதம்தான் பார்த்துச் சொல்லும். மற்றவர்கள் அவர் கால் வைத்த இடத்தில் மட்டும்தான் கால் வைப்பார்கள். எங்கள் படகில் முன்னால் இறங்குகிறவர் என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் அவர் தம்பி, அதாவது என் கொழுந்தன். கடைசியில் மாமனார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாமனார் என் அப்பாவிடம் சொன்ன ஒரே பெருமை, "எம் புள்ள காலு பேசும்" என்பதுதான். பையன் குடிப்பானா என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அப்படி வாயைப் பிளந்துகொண்டு என்னைக் கொடுத்தார்கள்.

அந்தக் கால் பேச்சை நிறுத்தியது யாருக்கும் உடனே தெரியவில்லை. முதலில் எரிச்சல் வந்தது. பாதம் எரிகிறது என்று ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார். கொஞ்ச மாதத்தில் எரிச்சல் தானாக நின்றுவிட்டது, குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். பிறகு ஒரு நாள் வீட்டுக்குள் அவர் நடந்து வந்த வழியெல்லாம் ரத்தம். இடது காலில் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஆளி ஓடு செருகி நின்றது. அதோடு ஏரியிலிருந்து கரையேறி, நண்டை எடை போட்டுக் கொடுத்து, கடையில் நின்று டீ குடித்து, வீட்டுக்கும் நடந்து வந்திருக்கிறார். எதுவும் தெரியவில்லை. சுகர் என்றார்கள். அந்த இரண்டு விரலையும் எடுத்தார்கள். என் மாமியாரும் கால் புண் ஆறாமல்தான் செத்துப்போனார் என்பதை அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். பெண் கேட்டு வரும்போது இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

ஏரிக்கே போகக் கூடாது என்றார் டாக்டர். போகாவிட்டால் யார் சோறு போடுவார் என்று நான் கேட்டதும் அவருக்கு முகம் மாறியது. "அப்படிப் போய்த்தான் ஆகணும்னா நல்ல பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போகட்டும். இது உணர்ச்சி செத்த கால்மா. குத்தினாலும் தெரியாது, அழுத்தினாலும் தெரியாது. வந்ததும் தினம் பாதத்தைத் திருப்பிப் பாரு" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கோட்டை இழுத்துக் காட்டினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நைனாவாண்ட புண்ணுக்காக பூட்ஸுனு மட்டும் சொல்லு. சொரண போய்ட்ச்சுனு வாய தொறந்த, அவ்ளோதான்."

"சொன்னா இன்னா?"

"சொரண இல்லாதவன முன்னால எறக்குவாரா? என் கால நம்பித்தானே பின்னால வர்றவன் கால வெக்கறான்."

"நம்பறவன ஏமாத்தலாமா?"

"கம்பி கீது. கம்பியால குத்திப் பாத்துகினே போவேன். நீ கம்முனு இரு."

படகை விட்டு இறக்கிவிட்டால் இந்த மனிதர் எங்கே போவார் என்று எனக்கும் தெரியவில்லை. எளாவூர் பக்கம் ஏதாவது கம்பெனியில் கேட் காவலுக்கு நிற்கலாம், அதற்கும் நிற்கிற கால் வேண்டும். நான் சத்துணவுக் கூடத்தில் பருப்பு வேகவைக்கிறவள், என் சம்பளத்தில் வீடு நடக்காது. சரி என்று தலையாட்டினேன்.

முதலில் வாங்கியது முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், சாக்கடை அள்ளுகிறவர்கள் போடுவது. பொன்னேரியில் வாங்கினோம். தண்ணீரே உள்ளே போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிற இடத்தில் அது மேலிருந்து போகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. படகை விட்டு இறங்கி இரண்டு அடி வைத்ததும் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொண்டது, கால் மட்டும் தனியாக வெளியே வந்தது. கொழுந்தன் அதைப் பிடுங்கியெடுத்துக் கவிழ்த்தான். உள்ளேயிருந்து ஒரு உளுவை மீன் விழுந்ததாம். "அண்ணன் பூட்ஸுக்குள்ளயே மீன் பண்ண வெச்சிட்டாரு" என்று அவன் கரையில் சொன்னது அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. என் வீட்டுக்காரர் குளிக்கப் போனால் பெண்கள்கூட "பண்ணக்காரர் வர்றாரு" என்று ஒதுங்கி வழி விட்டார்கள்.

அடுத்தது காக்கித் துணி பூட்ஸ், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிற பையன்கள் போடுவது. லேசாக இருந்தது, தண்ணீர் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. சேறு இழுத்தாலும் கயிறு கட்டியிருந்ததால் கழன்று வரவில்லை. இதுதான் என்று நினைத்தேன். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் பக்கவாட்டுத் துணியை ஆளி ஓடு வாயைத் திறந்த மாதிரி கிழித்திருந்தது. உள்ளே சாக்ஸும் கிழிந்திருந்தது. தோல் எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டு, "நல்லாத்தானே இருந்திச்சு" என்றார்.

மூன்றாவது, துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற என் தம்பி கொடுத்த தோல் பூட்ஸ். முனையில் இரும்புத் தொப்பி வைத்தது, மேலே பாறை விழுந்தாலும் விரலுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் ஏரியில் பாறை எங்கே விழப்போகிறது? நனைந்ததும் காலுக்கு ஒரு அம்மிக்கல்லைக் கட்டிவிட்ட கனம். உப்புத் தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்து தோல் கருவாடாக விறைத்தது. இரும்பின் உள் விளிம்பு பெருவிரலுக்கு மேலே தோலைச் சுரண்டி எடுத்திருந்தது. எப்படி இருக்கிறது என்று நான் காலையில் கேட்டபோது, "ஜோரா கீது" என்றவர்தான். அந்தச் சுரண்டல் ஆற மழைக்காலம் பிறந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் மருந்து வைத்துக் கட்டும்போது டாக்டர் இழுத்த கோடுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பூட்ஸ் பொருந்துகிறதா என்று அவரைக் கேட்பதும், கதவைக் கேட்பதும் ஒன்று. சுகமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. சாயங்காலம் கால் வீங்கியிருக்கிற நேரத்தில் அவரை ஒரு அட்டைமேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினேன். இரண்டு காலுக்கும் தனித்தனி அட்டை. இடது அட்டையில் விரல் போன இடம் மூளியாக இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன்.

பழைய சாமான் விற்கிற தெருவில் ஒரு கடையில் பூட்ஸ் கூரைவரை தொங்கியது. கடைக்காரர் எதற்கு வேண்டும் என்று கேட்டார். வேட்டைக்கு என்றேன்.

"காட்டுல பன்னி வேட்டையா? பெர்மிஷன் வாங்கினியாம்மா?" என்றார்.

நண்டு வேட்டை என்றதும் சிரித்தார். சிரித்துவிட்டு ஒன்றைக் கழி வைத்து இறக்கினார். வெளிநாட்டில் காட்டிலும் மலையிலும் நாள் கணக்காக அலைந்து வேட்டையாடுகிறவர்கள் போடுவதாம். கணுக்காலுக்கு மேலே வரை முரட்டு நைலான், பாதத்தைச் சுற்றிக் கெட்டித் தோல், ஆணி ஏறாத அடி. பாதத்தின் உள்பக்கம் வலை வைத்த சின்ன ஓட்டைகள், உள்ளே போன தண்ணீர் நடக்க நடக்க வெளியே வந்துவிடும். "போட்டு நட சார், கடிக்குதா பாரு" என்றார்.

என் வீட்டுக்காரர் போட்டு நடந்தார். ஜோரா கீது என்றார். ஒரு அளவு சின்னது போட்டார், அதுவும் ஜோர். ஒரு அளவு பெரியது, அதுவும் ஜோர். கடைக்காரர் என்னைப் பார்த்து, "தங்கமான மனுசன்மா உன் வூட்டுக்காரரு. எத்தக் குடுத்தாலும் கொற சொல்லமாட்டேன்றாரு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அங்கேயே அவர் கன்னத்தில் ஒன்று விடலாம் என்றும் வந்தது.

அட்டையை எடுத்தேன். ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் விட்டுப் பார்த்தேன். அட்டை மடங்கினால் வேண்டாம், முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இல்லையென்றாலும் வேண்டாம். பிறகு கையை உள்ளே விட்டுத் தையல் தையலாகத் தடவினேன், ஒரு முடிச்சு, ஒரு மடிப்பு விடாமல். நானே இரண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டு அதைப் போட்டுத் தெருக்கோடிவரை நடந்து வந்தேன், புடவைக்குக் கீழே அதைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் விசில் அடித்தார். குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்றும் பார்த்தேன். கடைக்காரருக்குப் பேஜாராகிவிட்டது. "எடுத்துகினு போம்மா தாயே" என்று நான் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். இடது பூட்ஸில் விரல் இல்லாத இடத்துக்குத் துணிப் பந்து வைத்துக்கொள்ள வேண்டும், கயிற்றைக் கொஞ்சம் கூட இழுத்துக் கட்டினால் கால் உள்ளே ஆடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

அதைப் பார்த்த மாமனார் சத்தம் போடவில்லை. அவருக்குச் சத்தம் தேவைப்படாது. "படகுல ஏறாது" என்றார். முந்தின மூன்றும் கோணியில் சுற்றி ஒவ்வொரு நாள் மட்டும் போனவை, அதனால் விட்டுவிட்டார், இது தினம் வரப்போகிறது.

எங்கள் பக்கத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் படகில் கால் வைக்க மாட்டார்கள். நண்டு வாங்க வருகிற வியாபாரியும் கரையில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். ஏரியை அளக்க வந்த ஆபீசர் ஒருவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டேன். "இது செருப்பு இல்ல மாமா, மருந்து மாதிரி."

"மருந்த வாயில போடுவாங்க. கால்ல போடறது எல்லாம் செருப்புதான். படகு எனக்குத் தாயி. அவ மேல மிதிக்க உடமாட்டேன்."

கடைசியில் மாமனாரே ஒரு வழி சொன்னார். பூட்ஸைப் படகுக்கு வெளியே கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும், அது ஏரியில் நனைந்துகொண்டே வரும். வேட்டை இடம் வந்ததும் இவர் படகு விளிம்பில் உட்கார்ந்து காலை வெளியே நீட்ட வேண்டும். மாமனார் தண்ணீரில் இறங்கி நின்று அதைக் காலில் மாட்டிக் கட்டிவிடுவார். திரும்பும்போதும் அப்படியே அவர்தான் அவிழ்ப்பார். பூட்ஸ் படகில் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே, அதனால் வேறு யாரும் தொடக் கூடாது.

மகன்மேல் இருந்த பாசமா, படகின்மேல் இருந்த பயமா, எனக்குத் தெரியவில்லை. கொழுந்தனுக்கு இது பெரிய கூத்தாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் அவன் எழுந்து நின்று நடித்துக் காட்டுவான். ஒரு சொம்பைக் கால் மாதிரி பிடித்துக்கொண்டு, மாமனார் குரலில், "இறுக்குதாடா?" என்பான். பிறகு அண்ணன் குரலில், "இல்ல நைனா." திரும்பவும், "இறுக்குதாடா?" "இல்ல நைனா." பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புகிற மாதிரி. மாமனாரே ஒருநாள் அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. தனியாக இருக்கும்போது கேட்டேன்.

"உனுக்கு இன்னா தெரியும்னு இல்ல இல்லன்ற?"

"வேற இன்னா சொல்ல? தெரியல நைனானு சொல்லவா?"

"அவரு நெசம்னு நெனைக்கிறாரு."

"அவரு கட்றது பூட்ஸ் கயிறுமே. பூட்ஸ் கயிறு இன்னா பண்ணிடும்?"

அந்த மழைக்காலம் முழுக்க அவர் பாதத்தில் ஒரு கீறல் இல்லை. சாயங்காலம் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். டாக்டர்கூட யார் வாங்கின பூட்ஸ் என்று விசாரித்தார். நான் வாங்கினேன் என்று சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மழை விட்டு ஏரித் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் நண்டு நன்றாகக் கிடைக்கும். அன்றைக்கு நடந்ததைக் கொழுந்தன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எனக்குச் சொன்னான். அப்போது அவன் நடித்துக் காட்டவில்லை.

வேட்டை இடத்தில் மாமனார் கட்டும்போது இடது பூட்ஸின் கயிறு பட்டென்று அறுந்துவிட்டது. தினம் உப்பில் ஊறினது, எத்தனை நாள் தாங்கும்? கயிறு இல்லாமல் இறங்கினால் முதல் அடியிலேயே சேறு பிடுங்கிக்கொள்ளும். இரண்டு விரல் இல்லாத கால் வேறு. மாமனார் படகின் அடியில் கிடந்த வலை நைலானில் ஒரு துண்டு எடுத்தார். கணுக்காலுக்கு மேலே பூட்ஸோடு சேர்த்துச் சுற்றி, வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். அந்த முடிச்சின் குணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நனைய நனைய இறுகும், இழுக்க இழுக்க இறுகும், மீன் எவ்வளவு முட்டினாலும் அவிழாது. அதற்காகத்தான் அதைப் போடுவது.

"இறுக்குதாடா?" என்று கேட்டாராம்.

"இல்ல நைனா. நல்லா இறுக்கு, கயண்டுகினு வருது" என்றாராம் இவர்.

இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாமனார் அவரை இறக்கினார். இவர் முன்னால் போனார். கம்பியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு, மற்ற இருவரும் அவர் அடியில் அடி வைக்க, சாயங்காலம்வரை சேற்றில் நடந்தார். அன்றைக்குப் போல நண்டு அந்த வருஷம் கிடைத்ததில்லை என்று கொழுந்தன் சொன்னான். அதைச் சொல்லும்போதும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது. இவர்களை என்ன சொல்வது?

திரும்பும்போது முடிச்சு அவிழவில்லை. கால் வீங்கி, நைலான் பூட்ஸுக்குள்ளே இறங்கிவிட்டது. மாமனார் நகத்தால் பார்த்தார், கம்பி முனையால் நெம்பினார், தண்ணீரில் முழங்கால் போட்டுப் பல்லால் கடித்து இழுத்தார். கொழுந்தன் கத்தியை நீட்டினான். மாமனார் அதைத் தட்டிவிட்டார்.

"நான் போட்ட முடிச்ச அறுக்கறதா? அறுக்கறவன் இன்னாடா வலக்காரன்?"

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவிழாத பூட்ஸோடு படகில் ஏறவும் முடியாது. ஏற்றிக்கொள் என்று இவரும் கேட்கவில்லை, ஏறு என்று அவரும் சொல்லவில்லை. "உடு நைனா, ஊட்ல போய்ப் பாத்துக்கலாம். நான் இப்டியே புடிச்சிகினு வரேன். எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றாராம். படகில் அப்பனும் தம்பியும் நண்டும் வர, இவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தண்ணீரில் நடந்து வந்தார். ஆழமான இடத்தில் தொங்கிக்கொண்டு வந்தார்.

நான் கூடையோடு கரையில் நின்றிருந்தேன். எங்கள் படகு வருவது தெரிந்தது, பக்கத்தில் ஒரு தலையும் தெரிந்தது. படகு தரை தட்டிவிட்டது போல, தள்ளிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். கரையேறினவர் என்னைப் பார்த்துச் சிரித்து, கூடையை எடு என்றார். இடது காலை எடுத்து வைத்தபோது அது அவருடைய கால் மாதிரி இல்லை, கட்டையை எடுத்து வைக்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். மீன் அறுக்கிறவளிடமிருந்து கத்தியைப் பிடுங்கி நான்தான் அந்த நைலானை அறுத்தேன். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நண்டை ஈரச் சாக்குக்கு மாற்ற ஆரம்பித்தார்.

பூட்ஸைக் கழற்றினால் கால் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. நைலான் பதிந்த பள்ளத்தில் என் சுண்டுவிரல் உட்கார்ந்தது. பழக்கத்தில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவ்வளவு நல்ல பூட்ஸ் அது.

பொன்னேரியில் பார்த்ததும் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த கால், இவ்வளவு நேரம் கட்டிவைத்தால் திரும்புவது கஷ்டம் என்றார்கள். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார்கள். திரும்பவில்லை. முதல் டாக்டர் கோடு இழுத்துக் காட்டிய அதே இடத்தில் எடுத்தார்கள்.

மாமனார் மறுநாள்தான் வந்தார். தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தார். வார்டுக்கு வந்த சின்ன டாக்டரம்மா அவரைப் பார்த்து, "அப்பாவா? இவருக்குக் கால்ல உணர்ச்சி போய் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்போல. இப்படிக் கட்டலாமா பெரியவரே?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு யார் கட்டினது என்றுகூடத் தெரியாது.

மாமனார் தூக்குச் சட்டியைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு மகனைப் பார்த்தார்.

"தெனம் கேட்டனேடா. இறுக்குதா இறுக்குதானு தெனம் வாய் உட்டுக் கேட்டனே."

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா முன்னால எறக்கியிருப்பியா?"

அந்த மனிதர் ஒரு பொய்யாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். கால் போன பிள்ளைக்கு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவர் யோசித்துத்தான் சொன்னார்.

"மாட்டேன். படகுலயே ஏத்தியிருக்கமாட்டேன்."

இவர் அதற்குத் தலையாட்டினார். நியாயம்தான் என்கிற மாதிரி ஆட்டினார். இரண்டு பேர்மேலும் எனக்கு வந்த வெறுப்பை இங்கே எழுதிக் காட்ட முடியாது. பிறகு இவரே கேட்டார்.

"இப்போ யாரு எறங்கறா?"

"உன் தம்பி. நேத்து போனோம்."

நேற்று என்பது கால் எடுத்த நாள். நான் ஆபரேஷன் ரூம் வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் இவர்கள் வேட்டையில் இருந்திருக்கிறார்கள். இவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"அவன் கால்ல சொரண நல்லா கீதா நைனா?"

"கேட்டேன். கீதுன்னான்."

எனக்கு வாய் நிற்கவில்லை. என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, போன வாரம் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். "மாமா, கொஞ்ச நாளா அவன் பாதம் எரியுதுனு ஈரத் துணி சுத்திகினுதான் படுக்கறானாம். அவனையும் ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வாங்க."

மாமனார் என் பக்கம் திரும்பவில்லை. தூக்குச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

"அவன் காலு அவனுக்குத் தெரியாதா?" என்றார்.